ஆமு நதிக்கரையில் ஒரு வீடு

கிராஸ்னி யார், உரால் ஆற்றங்கரை
1873 ஜூன், பேதுரு திருநாளுக்கு முந்தின வாரம்

மதிப்பிற்குரிய என் கணவர் தெரெந்தி கார்ப்பிச் அவர்களுக்கு,

உலீதா தரைதொட வணங்கி எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் பிள்ளைகள் இருவரும் சுகம். உங்கள் சுகமும் நம் செவலைக் குதிரையின் சுகமும் அறிய ஆவலாக இருக்கிறோம்.

நீங்கள் படையோடு போன ஹிவா நகரம் விழுந்துவிட்டதாகத் தபால் வண்டிக்காரன் வந்து சொன்னான். யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று கேட்டோம். "எனக்கென்ன தெரியும்? ஊரப் புடிச்சாச்சு, அவ்வளவுதான் சொன்னாங்க" என்று சொல்லிவிட்டுக் கதவடியில் நின்றபடியே மோர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனான். அன்று முழுக்க ஜெபக்கூடத்தில் இருந்தோம். உங்கள் கையெழுத்தைக் கண்டால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

சின்னவள் ஃபெக்லா நன்றாகப் பேசுகிறாள். உங்கள் பழைய தொப்பியைப் பூனைக்குப் படுக்கையாகப் போட்டிருக்கிறாள். பெரியவள் அனீஸ்யாவைக் கேட்டுப் பிமென் வீட்டார் வந்தார்கள். பையன் நல்ல மீன்பிடிகாரன், குடிப்பதில்லை. அர்சேனி காஸ்பியன் கடலில் மூழ்கிப்போனபோது அவள் நாலு வயதுக் குழந்தை. அவளைப் பெற்றவன் அவன் என்றாலும், அப்பா என்று அவள் அறிந்தது உங்களைத்தான். உங்கள் ஆசி வராமல் நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

இலையுதிர் காலத்தில் அர்சேனியின் நினைவு நாள் வருகிறது. வருடாவருடம் நீங்கள்தான் அவனுக்கு மெழுகுவர்த்தி ஏற்றுவீர்கள். அதற்குள் வந்துவிடுங்கள்.

உங்கள் வரவை எதிர்பார்க்கும்,
உலீதா


ஹிவா, நகரத்துக்கு வெளியே தோட்டங்கள்
1873 ஜூலைக் கடைசி

என் அன்பான உலீதாவுக்கு,

தெரெந்தி வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம். செவலை சுகமில்லை, மணல் பாலையில் விழுந்தவன் எழவில்லை. பிப்ரவரியில் பனியில் கிளம்பினோம், மே மாதம் சுடுமணலில் முடித்தோம். வழியில் தண்ணீர் என்று குடித்ததை இங்கே எழுத வேண்டாம்.

இப்போது மரநிழலில் படுத்திருக்கிறோம். வாதுமைப் பழம் தானாகவே மேலே விழுகிறது. அடிமைகளை எல்லாம் விடுவித்தாகிவிட்டது. பெரும்பாலும் பாரசீகர்கள். நம் ரஷ்யர்களைப் போர் வருவதற்கு முன்பே ஹிவாவின் அரசன் கான் அனுப்பிவிட்டானாம்.

ஒன்று சொல்கிறேன், காரணம் கேட்காதே. இந்த வருடம் அர்சேனிக்காக இறந்தோர் ஜெபம் செய்விக்க வேண்டாம். மெழுகுவர்த்தியும் வேண்டாம். அனீஸ்யா கல்யாணத்துக்கும் அவசரப்படாதே.

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.
தெரெந்தி


கிராஸ்னி யார்
1873 செப்டம்பர்

மதிப்பிற்குரிய தெரெந்தி கார்ப்பிச் அவர்களுக்கு,

உலீதா வணங்கி எழுதுவது. எல்லாரும் சுகம். செவலைக்காக அனீஸ்யா இரண்டு நாள் அழுதாள்.

ஆனால் உங்கள் கடிதத்தின் கடைசி வரிகள் எனக்குப் புரியவில்லை. செத்த மனிதன்மேல் இப்போது என்ன பொறாமை? என்னைக் கட்டிக்கொள்ளக் கேட்டு வந்தபோது, "அவன் பேரை இந்த வீட்ல மறைக்க வேணாம் உலீதா, அவன் என் படகுத்தோழன்" என்று சொன்ன வாய் உங்களுடையதுதானே? அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் சம்மதித்தேன். அதற்கு முன் ஐந்து வருடம் அவனுக்காகக் கரையில் நின்றவள் நான்.

நீங்கள் சொன்னதால் ஜெபம் செய்விக்கவில்லை. ஜெபக்கூடத்துப் பெரியவர் எல்லார் முன்னாலும் கேட்டார்: "என்னம்மா, புதுப் புருஷன் பழசை மறக்கடிச்சுட்டானா?" பிமென் வீட்டாருக்கும் இழுத்தடிக்கிறேன். பெற்ற மகள் இல்லை என்பதால் சீர் கொடுக்கத் தயங்குகிறீர்கள் என்று ஊரில் பேச்சு. நான் நம்பவில்லை. நம்பாமல் இருக்க உதவி செய்யுங்கள்.

மற்ற படைகள் திரும்பிக்கொண்டிருக்கின்றன. நீங்கள் எப்போது?

உலீதா


ஆமு நதிக்கரை, புதுக் கோட்டை
1873 நவம்பர்

அன்புள்ள உலீதாவுக்கு,

நான் சுகம். உங்கள் சுகம் அறிந்து மகிழ்ச்சி.

இங்கே புதிதாகக் கோட்டை கட்டுகிறோம். குளிர்காலம் முழுக்க என்னை இருக்கச் சொல்லி உத்தரவு. மண் பிசைகிறோம், சுவர் எழுப்புகிறோம், எங்களை நாங்களே காவல் காக்கிறோம். ஆற்றில் மீன் உண்டு, நம் மீனின் ருசி இல்லை.

சீர் விஷயமாக ஊர் சொல்வதைத் தூக்கிப் போடு. அனீஸ்யா என் மகள். அவளைத் தன் கையால் நாலு வரி எழுதச் சொல்லி அனுப்பு. என்ன வேண்டுமானாலும் எழுதட்டும். நீ சொல்லிக்கொடுக்காதே, திருத்தவும் வேண்டாம்.

தெரெந்தி


கிராஸ்னி யார்
1874 ஜனவரி, திருமுழுக்கு விழாவுக்குப் பின்

தெரெந்தி கார்ப்பிச் அவர்களுக்கு,

வணக்கம். நாங்கள் சுகம்.

அனீஸ்யா எழுதியதை இதோடு வைத்திருக்கிறேன். அவள் எழுதி முடித்த பிறகுதான் எனக்குச் சில விஷயங்கள் தெரிந்தன. முன்பே தெரிந்திருந்தால் எழுத விட்டிருக்க மாட்டேன். ஆனால் அது அவள் அன்பு, என் கோபத்துக்காக அதைப் பிடித்துவைக்க எனக்கு உரிமையில்லை. பெரியவளின் கையெழுத்தைக் கேட்டீர்கள், உங்கள் ரத்தமான சின்னவளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

உங்கள் கூட்டாளி சசோன் கால் புண்ணோடு கோட்டையிலிருந்து திரும்பிவிட்டான். பனியை உடைத்து மீன் பிடிக்கும் நாளில் ஊரே ஆற்றில் இருந்தது. அவன் வண்டியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தான். நானாகப் போய், "உத்தரவு எப்ப முடியுது சசோன்?" என்று கேட்டேன்.

"எந்த உத்தரவு?"

"எம் புருஷன இருக்கச் சொன்ன உத்தரவு."

சிரித்தான். "யாரும் இருக்கச் சொல்லல உலீதா. அவனேதான் அதிகாரிகிட்டக் கெஞ்சிக் கேட்டு வாங்கினான். நாங்கள்லாம் ஊருக்குப் போறோம்னு குதிச்சோம், இவன் கெஞ்சிட்டு நிக்கிறான்."

பிறகு குரலைத் தாழ்த்தினான். "சந்தை நாள் வந்தா அவன் கோட்டையில இருக்க மாட்டான். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு. மாவு, டீத்தூள் எல்லாம் தூக்கிட்டுப் போவான். ஒரு பொம்பள, ரெண்டு புள்ளைங்க. அதுக்கு மேல எங்கிட்டக் கேக்காத."

திரும்பி வந்தபோது பெரிய மீன் ஒன்று என் கொக்கியில் மாட்டியும் நான் இழுக்கவில்லை. பக்கத்துக்காரர்கள் தூக்கினார்கள்.

சிலுவையை முத்தமிட்டு எழுதுங்கள். யார் அந்தப் பெண்?

உலீதா


புதுக் கோட்டை
1874 மார்ச், தவக்காலம்

உலீதா,

சுகம். தோளில் சிறு அடி, குதிரை உதைத்தது. அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

சிலுவையை முத்தமிட்டுச் சொல்கிறேன், எனக்கு இங்கே பெண் இல்லை. வீடு இருப்பது உண்மை. நான் போவதும் உண்மை. உத்தரவு என்று எழுதியது பொய். இதற்கு மேல் இப்போது சொல்ல முடியாது. சசோனிடம் மறுபடி கேட்காதே.

ஃபெக்லாவைப் பற்றிக் கேட்கவில்லை என்றாய். அவளை நினைத்தால் பேனா நகரவில்லை.

தெரெந்தி


கிராஸ்னி யார்
1874 மே, ஈஸ்டர் கழிந்து

தெரெந்தி கார்ப்பிச்,

சுகம்.

எந்தக் குதிரை உதைத்தது? உங்கள் குதிரைதான் மணலில் செத்துப்போயிற்றே.

கேட்காதே என்றீர்கள், அதனாலேயே கேட்டேன். சசோன் வீட்டுக்குப் போய், அவன் பெண்டாட்டி எதிரிலேயே உட்கார்ந்தேன். இந்த முறை பெண்ணைப் பற்றிக் கேட்கவில்லை. "அந்த வீட்ல ஆம்பள கிடையாதா?" என்று கேட்டேன்.

"இருக்கானே. தாடி நரைச்சவன். நீர்ச்சக்கரத்துக்கிட்ட உக்காந்து மாட்ட ஓட்டுவான்."

"உள்ளூர்க்காரனா?"

"உடுப்பு, தொப்பி எல்லாம் அவங்க மாதிரிதான்." சசோன் கொஞ்சம் யோசித்தான். "ஆனா ஒண்ணு. ஒருநாள் என் குதிரை வாய்க்கால்ல இறங்க மாட்டேன்னுச்சு. நம்ம பாஷையில நல்லாத் திட்டினேன். எங்க பாட்டன் திட்டுற திட்டு. அந்த ஆளு விழுந்து விழுந்து சிரிச்சான். அப்புறம் சிரிச்சது தப்புன்ற மாதிரி எழுந்து உள்ள போயிட்டான்."

சசோனுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. எனக்கு உறைத்தது. அவன் பெண்டாட்டிதான் என்னைக் கைபிடித்து வீட்டில் கொண்டுவந்து விட்டாள்.

இறந்தோர் ஜெபம் வேண்டாம் என்றீர்கள். உயிரோடு இருப்பவனுக்கு அந்த ஜெபம் பாவம். அனீஸ்யா கல்யாணத்தை நிறுத்தச் சொன்னீர்கள். அவள் கையெழுத்தைக் கேட்டீர்கள். இத்தனை நாளும் இன்னொருத்தியைச் சந்தேகித்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு லேசான சந்தேகம் அது!

நீர்ச்சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் யார்? பெயரை எழுதுங்கள். வேறு எதுவும் எழுத வேண்டாம்.

உலீதா


புதுக் கோட்டை
1874 ஜூன்

உலீதாவுக்கு,

அர்சேனி.

பெயர் மட்டும் போதும் என்றாய். ஆனால் எப்படி என்றும் நீ அறிய வேண்டும். கடலில் அவர்கள் படகு புயலில் அடித்துக்கொண்டு போனபோது துர்க்மெனியக் கொள்ளையர் பிடித்து ஹிவாவில் விற்றிருக்கிறார்கள். வாங்கியவன் தோட்டக்காரன். சில வருடம் கழித்து அர்சேனி அவர்கள் மார்க்கத்தில் சேர்ந்தான், விடுதலையானான், கல்யாணம் செய்துகொண்டான். அதனால்தான் கான் மற்ற ரஷ்யர்களை அனுப்பியபோது இவன் போகவில்லை.

நகரம் விழுந்த மூன்றாம் நாள் சந்தையில் அவனாக வந்து என் இரவல் குதிரையின் கடிவாளத்தைப் பிடித்தான். என்னை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. முகமெல்லாம் புழுதி, வெயிலில் தோல் உரிந்திருந்தது. எனக்கு அவனைத் தெரிந்தது.

ஏன் ஊருக்கு வரவில்லை என்று கேட்பாய். உன் வாசலில் யாராக வந்து நிற்பது? அவன் உயிரோடு இருக்கும்போது நான் உனக்கு யார்? ஃபெக்லா யார்? சொன்னாலும் உன்னை இழப்பேன், சொல்லாமல் உன் பக்கத்தில் படுத்தாலும் பாவம். தூரத்திலேயே இருந்துவிட்டால் எதையும் தீர்மானிக்க வேண்டாம் என்று இருந்தேன். கோழைத்தனம்தான்.

அவன் உனக்கு எழுதியதை இதோடு அனுப்புகிறேன். தாளும் மையும் நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவன் ஒட்டித் தந்தான், நான் பிரிக்கவில்லை. ஆனால் உள்ளே என்ன இருக்கும் என்று தெரியும். முதல் நாள் நான் சொன்ன ஒன்றை எழுதியிருப்பான். அதை என் கையால் எழுத எனக்கு வரவில்லை.

தெரெந்தி


(உள்ளே வைத்திருந்தது)

உலீதாவுக்கு அர்சேனி எழுதுவது.

நீ சுகமா? நான் சுகம். எழுத்து பாதி மறந்துவிட்டது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள். இங்கே எனக்கு வேறு பெயர், ஆனால் உனக்கு இந்தப் பெயரில்தான் எழுத வருகிறது.

சந்தையில் நம் ஊர்ப் பேச்சு காதில் விழுந்தது. ஓடிப்போய்க் குதிரையைப் பிடித்தேன். "கிராஸ்னி யார் தெரியுமா? அங்க உலீதா, அர்சேனியோட உலீதா, இருக்காளா?" என்று கேட்டேன். அந்த மனிதன் ரொம்ப நேரம் குதிரையின் காதையே பார்த்தான்.

"செத்துப் போச்சு. காய்ச்சல்ல" என்றான்.

"பொண்ணு?"

"பொண்ணு இருக்கு. நல்ல எடத்துல வளருது."

யார் வீட்டில் என்று நான் கேட்கவில்லை. தெருவிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவன்தான் தூக்கிவந்து வீட்டில் விட்டான்.

அதற்குப் பிறகு சந்தை நாள்தோறும் வந்தான். மாவு கொண்டுவருவான். இடிந்த சுவரைப் பூசினான். தொப்பியைக் கண்வரை இறக்கிவிட்டு, முகத்தை நேராகக் காட்டாமலே வேலை செய்வான். ஜெயித்த படையின் ஆள் எதற்காக என் வீட்டுச் சுவரைப் பூசுகிறான்? எனக்குச் சந்தேகம். "இவன் கண்ணு நம்ம நெலத்து மேல" என்று என் மனைவி சொல்லிக்கொண்டே இருந்தாள். அவன் கொண்டுவந்த மாவைப் பூனைக்குக் கொடுத்துப் பார்த்த பிறகுதான் ரொட்டி சுட்டாள். பேர் கேட்டால், "கோசாக் சிப்பாய்னு கூப்பிடு, போதும்" என்பான்.

தவக்காலத்தில் ஒரு தாளைக் கொடுத்துவிட்டு முதுகைத் திருப்பி நின்றான். அனீஸ்யா எழுதியது. "அன்புள்ள அப்பா தெரெந்தி கார்ப்பிச்" என்று ஆரம்பம். அப்போதுதான் அவன் யார் என்று எனக்குத் தெரிந்தது. அடுத்த வரியில், "அம்மா பக்கத்தில் நிற்கிறாள், மை சிந்தாதே என்று திட்டுகிறாள்" என்று இருந்தது.

மண்வெட்டி கையில் இருந்தது. அடித்தேன். தோளில் பட்டது. அவன் திரும்பக்கூட இல்லை. இரண்டாவது அடிக்கு ஓங்கியபோது என் மனைவி வந்து பிடியைப் பற்றினாள். அந்தத் தாளை அவன் எனக்குக் கொடுக்காமல் இருந்திருக்கலாம் என்பது, கோபம் எல்லாம் ஆறின பிறகுதான் எனக்கு உறைத்தது.

நான் வரமாட்டேன் உலீதா. இங்கே என் பிள்ளைகள் இருக்கிறார்கள். நீ எனக்காக ஐந்து வருடம் கரையில் நின்றதாக அவன் சொன்னான். நான் நாலு வருடம் காத்திருந்தேன். உன்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. உனக்கும் என்மேல் இருக்க வேண்டாம். அனீஸ்யாவின் தலையில் என் கையை வைத்ததாக நினைத்து ஆசி சொல்.

அர்சேனி


கிராஸ்னி யார்
1874 ஆகஸ்ட்

தெரெந்தி,

பிள்ளைகள் சுகம். என் சுகத்தைப் பற்றிச் செத்தவளிடம் கேட்பதுபோல் கேட்காதே.

எத்தனையோ யோசித்துவிட்டேன். ஊரே உன்னைப் பற்றிச் சொன்னபோது நம்பாமல் இருந்தேன். பொம்பளை என்றார்கள், சீர் என்றார்கள். நீ செய்தது அவர்கள் யாருக்கும் தோன்றாத ஒன்று. ஒரு வார்த்தையில் என்னைப் புதைத்துவிட்டு, புதைத்த இடத்துக்கு வாராவாரம் மாவு கொண்டுபோயிருக்கிறாய்.

ஜெபக்கூடத்துப் பெரியவரிடம் சொன்னேன். முதல் புருஷன் இருக்கும்போது இரண்டாம் கல்யாணம் செல்லாது என்றார். "அவருக்கு அங்க வேற மார்க்கம், வேற சம்சாரம்" என்றேன். "அப்படின்னா யோசிக்கணும்" என்று உள்ளே போய்விட்டார். யோசிக்கட்டும். அவர் யோசித்து முடிப்பதற்குள் எனக்கு வயதாகிவிடும்.

அர்சேனிக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். என்ன எழுதினேன் என்று நீ கேட்கக்கூடாது.

தராசில் உன் பக்கத்தில் வைக்க என்னிடம் இருப்பது ஒன்றே ஒன்று. மகளின் தாளையும் அவன் கடிதத்தையும் நீ ஆமு நதியில் எறிந்திருக்கலாம். எறியவில்லை. அது போதுமா என்று எனக்குத் தெரியவில்லை.

இனி எழுதாதே. உன் ஒவ்வொரு வரிக்கும் அடியில் இன்னொரு வரி இருப்பதாகவே எனக்குத் தோன்றும். கெஞ்சி வாங்கின வேலையைக் கெஞ்சியே விட்டுவிட்டு வா. அனீஸ்யாவுக்கு இலையுதிர் கால மீன்பிடிப்பு முடிந்ததும் கல்யாணம். வந்து வாசலில் நில். கூப்பிடுகிறேனா இல்லையா என்பதை உன் முகத்தைப் பார்த்த பிறகு சொல்கிறேன்.

உலீதா


கிராஸ்னி யார்
1874 நவம்பர்

என்னைப் பெற்ற அப்பா அர்சேனி அவர்களுக்கு,

அனீஸ்யா தரைதொட வணங்கி எழுதுவது. நீங்களும் சித்தியும் தம்பி தங்கையும் சுகமா? நான் சுகம். எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. உங்கள் ஆசியை அம்மா என் தலையில் கைவைத்துச் சொன்னாள்.

உங்களுக்கு எல்லாவற்றையும் எழுதச் சொன்னாள். "மறைக்காம எழுது. மறைச்சு மறைச்சுத்தான் இந்த வீடு இப்படி ஆச்சு" என்றாள்.

தெரெந்தி அப்பா கல்யாணத்துக்கு முந்தின ஞாயிறு வந்தார். மெலிந்துபோயிருந்தார். வாசலில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். பனி விழுந்துகொண்டிருந்தது. அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு மாவு பிசையப் போய்விட்டாள். மீன் வைத்த ரொட்டி முழுவதும் வெந்து முடியும்வரை அவர் நின்றார். ஃபெக்லா ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா கூப்பிடணும், கண்ணு" என்று சொல்லி அவர் நகரவில்லை.

கடைசியில் அம்மா கதவைத் திறந்தாள்.

"செத்தவ வீட்டுக்கு என்னத்துக்கு வந்த?"

அவர் தலை குனிந்திருந்தார்.

"நிமிரு. மூஞ்சியப் பாக்கணும்."

நிமிர்ந்தார். அம்மா ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு அவர் தோளைத் தொட்டு, "இங்கதான் உதைச்சுதா அந்தக் குதிர?" என்று கேட்டாள்.

"ஆமா."

"இன்னும் நாலு உதை உதைச்சிருக்கலாம். உள்ள வா. செத்தவ சமைச்சது. சாப்பிடத் தைரியம் இருந்தா சாப்பிடு."

அவர் சாப்பிட்டார், அழுதுகொண்டே. அம்மா எதிரில் நின்று கடைசித் துண்டுவரை பார்த்தாள்.

இப்போது குதிரைக் கொட்டிலை ஒட்டின அறையில் படுக்கிறார். ஜெபக்கூடத்துப் பெரியவர் இவர்கள் கல்யாணம் செல்லுமா என்று இன்னும் யோசிக்கிறார். அம்மா தெரெந்தி அப்பாவோடு பேசுவதில்லை. எது சொல்வதானாலும் என்னிடமோ ஃபெக்லாவிடமோ சொல்லி, அவர் காதில் விழும்படி செய்கிறாள். அவர் எங்கே போனாலும், "போற எடம் இதுதானான்னு பின்னாடியே போய்ப் பாத்துட்டு வா" என்று ஃபெக்லாவை அனுப்புகிறாள்.

நேற்று அவர் ஆற்றிலிருந்து வரத் தாமதமாயிற்று. ஆற்றின்மேல் பனிக்கட்டி இன்னும் மெல்லியதாகத்தான் இருக்கிறது. நான் புகுந்த வீட்டிலிருந்து வந்திருந்தேன். அம்மா அடுப்புக்கும் வாசலுக்குமாக நடந்தாள். விளக்கைத் துடைத்தாள், ஏற்றினாள், மறுபடி துடைத்தாள். அவர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்ததும் எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "அந்தப் பொய்யன்கிட்டச் சொல்லு, பூட்ஸக் கழட்டி அடுப்புக்கிட்ட வைக்கச் சொல்லி. காலு நனைஞ்சிருக்கும்."

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும் மகள்,
அனீஸ்யா